பர்னர் வெயில் காயப் போன கதை

மூளை என்ற ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இது அந்தத் தொந்தரவே இல்லாமல் கோத்தகிரியில் கீசர் ரிப்பேர் பார்த்துத் திரிந்த மூன்று பேரின் கதை. மூத்தவன் சிங்காரவடிவேலு. அவன் தம்பி மாசிலாமணி. இருவருக்கும் மச்சான் ஏகாம்பரம். சம்பந்தம் பண்ணினாலும் பண்ணினார்கள், ஊரெல்லாம் சலித்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்!

இவர்களை வேலைக்கு வைத்த முதலாளி, பட்டுப் பட்டு நொந்துபோய் ஒருநாள் சொல்லிவிட்டார். "உங்க சொந்த புத்திய எங்கேயும் காட்டாதீங்கடா. நான் சொன்னத மட்டும் சொன்னபடி செய்யுங்க, போதும்." அன்றிலிருந்து மூவரும் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களிடம் வந்து மாட்டியவள் மங்களேஸ்வரி. அன்று சாயங்காலம் மகள் வினோதா பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அழைத்து வர மங்களேஸ்வரியின் வீட்டுக்காரர் காரில் போயிருந்தார். மலைக்குளிரில் பேத்திக்கு வீட்டில் முதல் குளியல், வெந்நீர் இல்லாமல் முடியுமா? பார்த்து அன்றைக்கென்று கேஸ் கீசர் மக்கர் பண்ணியது. டிக் டிக் என்று நெடுநேரம் பொறி தட்டியது. அப்புறம் பற்றிய தீயும் மஞ்சளாக எரிந்து கரியைக் கக்கியது.

"சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுமா தம்பி?"

"மத்தியானமே குளிக்கலாங்கம்மா," என்றான் சிங்காரவடிவேலு.

பின்பக்க பால்கனியில் இருந்த கீசரின் மூடியைக் கழற்றினார்கள். எதைத் தொட்டாலும் முதலில் கேஸை மூடு என்பது முதலாளி வாக்கு. மூடினார்கள். அடுத்து, தீ என்ன நிறம் என்று பார். மூன்று பேரும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள்.

"நீலமா இல்லையே," என்றான் மாசிலாமணி.

"மஞ்சளும் இல்ல," என்றான் ஏகாம்பரம்.

"அப்போ இது நிறமே இல்லாத தீ. ஒசத்தி மெஷின்ல அப்படித்தான் எரியும்," என்று தீர்ப்புச் சொன்னான் சிங்காரவடிவேலு.

"கேஸை மூடிட்டா தீ எப்படிப்பா எரியும்?" என்றாள் மங்களேஸ்வரி.

மூவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், படிக்காத பொம்பளை என்று நினைத்திருப்பார்கள். அவள் ரிட்டயர்டு சயின்ஸ் டீச்சர்.

பர்னரைக் கழற்றிக் கரியைத் தேய்த்துக் கழுவியது வரைக்கும் குறை சொல்ல முடியாது. பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் பர்னரை வெயிலில் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தாரே! வெளியே மூடுபனி. எதிர்வீடே தெரியவில்லை.

"இந்தத் துணியால துடைச்சா என்ன?"

"துணின்னு சொல்லலைங்கம்மா. வெயிலுன்னுதான் சொன்னாரு."

ஆழ்ந்து ஆலோசித்தார்கள். வெயில் எங்கே இருக்கிறது? மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. போகிறதற்கு என்ன இருக்கிறது? பஸ் இருக்கிறது. மங்களேஸ்வரி அடுப்பில் வைத்த பாலை இறக்கிவிட்டு வருவதற்குள், ஏகாம்பரம் பர்னரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மலை இறங்கிவிட்டான்.

"எங்கே போனான்?"

"பர்னரைக் காயப்போடங்கம்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றால், பர்னர் பஸ்ஸில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறது! வந்த ஆத்திரத்துக்கு அவள் வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஏகாம்பரம் வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்தான். "நல்ல வெயிலுங்கம்மா. திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டுக் காயவெச்சேன்," என்றான் பெருமையாக. இந்தப் பொறுப்பை எந்தத் தராசில் நிறுப்பது?

பர்னரை மாட்டினார்கள். அடுத்தது பொறி தட்டும் ஊசி. ஊசிக்கும் பர்னருக்கும் நடுவே ஓர் அரிசி இடைவெளி இருக்க வேண்டும் என்பதும் முதலாளி வாக்கு.

"எந்த அரிசின்னு சொன்னாரா?" என்று கேட்டான் மாசிலாமணி.

மூவரும் திகைத்துப்போனார்கள். அதைச் சொல்லவில்லையே!

"பொன்னிதான். நம்ம வீட்டுல அதான்."

"பிரியாணிக்கு நீள அரிசிதானே போடுறாங்க?"

"இது வெந்நீர்டா, பிரியாணியா? இட்லி அரிசிதான் சரி."

மங்களேஸ்வரி மூன்றையும் கொண்டுவந்து கொட்டினாள். வாதாடி வாதாடி இட்லி அரிசி ஜெயித்தது. அளந்து பார்த்து, அரிசியை அங்கேயே செருகிவிட்டு, நிமிர்ந்து நின்றார்கள்.

"அரிசிய எடுங்கடா!"

"இடைவெளி போயிடுங்கம்மா."

அவளே கையை விட்டு அரிசியை எடுத்து எறிந்தாள். அவளே கேஸைத் திறந்தாள், அவளே குழாயைத் திருகினாள். டிக் என்ற ஒரே தட்டு. குப்பென்று நீலமாகப் பற்றியது. குழாயில் ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது. அப்பாடா! மங்களேஸ்வரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்த மூன்று ஜென்மங்களையும் மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்துக்கொண்டு ஆரத்தி கரைக்க வாசல் பக்கம் போனாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். ஒரு ஆள் குளிக்கிற நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். ஒரு ஆள் குளிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆள் குளித்தால்தானே தெரியும்! ஏகாம்பரம் குளித்தான். அவனுக்கு அவசர புத்தி, அது கணக்கில் சேராது என்று மாசிலாமணி குளித்தான். தலைவனுக்கு முன்னால் தம்பி குளித்ததையா கணக்கில் எடுப்பது? சிங்காரவடிவேலு சீயக்காய் தேடி எடுத்துத் தலைமுழுகினான். அதுவரைக்கும் குழாயை யாரும் மூடவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. ஆரத்தி எடுத்து, பேத்தியைக் கையில் வாங்கி, முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் உள்ளே வந்தாள் மங்களேஸ்வரி. குளியலறை வாசலில் மூன்று தடியன்கள் ஈரத்தலையோடு, பவுடர் வேறு போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சூடு பிரமாதங்கம்மா," என்றான் சிங்காரவடிவேலு.

அவள் பாய்ந்துபோய் ஒரு கையால் குழாயைத் திருகினாள். புஸ்ஸ்ஸ் என்று வெறும் காற்றுதான் வந்தது. மாடித் தொட்டி காலி. பஞ்சாயத்துத் தண்ணீர் இனி நாளை மறுநாள்தான்.

"அடப்பாவிகளா!"

"கத்தாதீங்கம்மா, கேஸ் லீக்கு!" என்று சிங்காரவடிவேலு கையை உயர்த்தினான். "புஸ்ஸுன்னு சத்தம் வந்தா சோப்புத் தண்ணி தடவிப் பாக்கணும். டேய், சோப்புத் தண்ணி!"

"சோப்பு இருக்குண்ணே. தண்ணிதான் இல்ல."

மூவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வினோதாவின் பைக்குள் ஆஸ்பத்திரி ஃபிளாஸ்க் தெரிந்தது. அந்த வீட்டில் மிச்சம் இருந்த வெந்நீர் அது ஒன்றுதான். மங்களேஸ்வரியின் கையிலோ குழந்தை. "வேணாம்டா, வேணாம்டா" என்று அவள் அலறி முடிப்பதற்குள், மாசிலாமணி அதை வாளியில் கவிழ்த்துச் சோப்பைக் கலக்கி நுரையாக்கிவிட்டான்.

சிங்காரவடிவேலு நுரையைக் குழாய் முழுக்கத் தடவி, கண்ணை இடுக்கிப் பார்த்தான். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

"லீக்கு இல்லைங்கம்மா. தைரியமாக் குழந்தையக் குளிப்பாட்டுங்க."