டீசல் வண்டின்னா சத்தம் வரும்

தூத்துக்குடி மீன்காரி பிலோமினா, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசோடு பழைய டீசல் கார் வாங்கப் போனாள். சாவியைத் திருகியதும் இன்ஜின் டக்டக்கென்று இடித்தது.

கார் வியாபாரி சற்குணம் மீசையைத் தடவினார். "டீசல் வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். மீன் விக்கிற உனக்கு இன்ஜினப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. வாசல்ல நிக்கிற உங்க காரு எதுல ஓடுது?"

"அதுவும் டீசல்தான்!"

"அதக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்களேன்."

சற்குணம் பெருமையாக ஸ்டார்ட் பண்ணினார். இன்ஜின் ஓடுவதே தெரியவில்லை.

"அய்யோ பாவம்! இது டீசல் வண்டின்னு அதுக்கு யாரும் சொல்லலையா அண்ணாச்சி?"

பக்கத்தில் நின்ற மெக்கானிக் சிரிப்பை அடக்க முடியாமல், "டீசலப் பீய்ச்சுற இன்ஜெக்டர் போயிருக்குக்கா" என்று உண்மையைப் போட்டு உடைத்தார். சற்குணம் தன் செலவில் புது இன்ஜெக்டர் மாட்டிக் கொடுத்த பிறகுதான் பிலோமினா சாவியைக் கையில் வாங்கினாள்.