தணிகாசலம் விற்கப்போன வீடு

வீடு விற்கிற நேரம் பார்த்துத்தான் தணிகாசலத்துக்குத் தர்மம் நியாயமெல்லாம் ஞாபகம் வந்தது. அட்வான்ஸ் வாங்க வேண்டிய அன்று காலையில் மடத்துக்கு ஓடினார். குரு வடிவாம்பிகை அம்மா வயதில் அவருக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் அவர் முன்னால் நின்றால் தணிகாசலம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டுக்கொள்வார்.

"அம்மா, ஒரு சந்தேகம். வாங்கறவங்க கேட்காத விஷயத்தை நாமளா சொல்லலைன்னா, அது பொய்யா?"

"எந்த வீடு?"

"ஏரிக்கரை வீடுதாம்மா. மெட்ரோ வரப்போகுதுன்னு விலை எகிறிக் கிடக்கு. இப்ப விட்டா பிடிக்க முடியாது."

"யார் வாங்கறாங்க?"

"பிலோமினான்னு ஒரு நர்ஸ். அவங்கம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. கீழ் ரூம் அந்தம்மாவுக்கு வசதியா இருக்கும்னு..." 

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, பார்த்துட்டு வரலாம்."

வீடு முழுக்கப் புது பெயின்ட் வாசனை. கீழ் அறையில் ப்ளக் பாயின்ட் எல்லாம் தலைக்கு மேலே இருந்தன. போன வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவே அப்படித்தான் மாற்றிக்கொண்டது. ஏன் இவ்வளவு உயரம் என்று பிலோமினா கேட்டபோது, "குழந்தைங்க கை வைக்காம இருக்கத்தான்" என்று சிரித்துச் சமாளித்திருந்தார் மனுஷன். இப்போது அம்மா அண்ணாந்து அவற்றைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

 அம்மா ஜன்னலைத் திறந்து விட்டார்.

"நல்லா காத்து வருது. இந்த வருஷம் மழைக்கால மௌன விரதத்தை இங்கேயே வச்சுக்கறேன். விரதம் முடிஞ்சதும் பிலோமினா குடி வரட்டும். ராத்திரிக்கு இங்கயே பாய் போட்டுப் படுத்துக்குவேன்."

"ஐயோ, இங்க வேண்டாம்மா!" தணிகாசலம் பதறிப்போனார். "மாடியில படுங்க. ஏரி மதகைத் திறந்தா தூங்கிட்டிருக்கும்போதே தண்ணி உள்ள வந்துடும். போன தடவை இதோ, இவ்வளவு." சுவரில் காட்ட அடையாளம் எதுவும் மிச்சமில்லை, எல்லாம் பெயின்டுக்கு அடியில் போயிருந்தது. தன் மார்பிலேயே கை வைத்துக் காட்டினார். "முன்ன மாதிரி எப்பவோ ஒரு தடவை இல்லம்மா, இப்பல்லாம் அடிக்கடி வருது. உங்களை இங்க படுக்க விட்டுட்டு நான் எப்படிம்மா தூங்குவேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. மார்பில் வைத்த கையை எடுக்கவும் தோன்றாமல் நின்றார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "சார்" என்று பிலோமினா கூப்பிட்டாள்.

அம்மா மெதுவாகச் சொன்னார்: "தண்ணி வருமான்னு நான் கேட்கவே இல்லையே, தணிகாசலம்."