கொட்டாங்குச்சி தட்டிய இடம்

சங்கைக் கையில் ஏந்தியவனை வணங்கித் தொடங்குகிறேன். அவன் இதழ் தொட்டது என்பதற்காக அந்தச் சங்கின்மேலேயே பொறாமை கொண்ட நெஞ்சங்களைப் பக்திப் பனுவல்களில் கண்டு உருகியிருக்கிறோம். அது அன்பு முற்றியதால் வந்த பொறாமை. நான் சொல்லப்போவது, ஒரு ட்ரம்பெட்டை முன்னிட்டு மூவர் கொண்ட வேறுவகைப் பொறாமை. கவனமாகக் கேட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லவேண்டும்.

சென்னையில் அம்பலவாணர் என்றொரு விமர்சகர் இருந்தார். ஜாஸ் இசைக்கலைஞர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிப் புகழ்பெற்றவர். இளமையில் ட்ரம்பெட் கற்கப் போய், காற்று மட்டுமே வந்ததால் கைவிட்டவர். அந்த வாத்தியம் அவர் அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தது.

அவர் கடைசியாக எழுதத் தொடங்கியது, நகரத்து விடுதி ஒன்றில் ஜாஸ் வாசித்து மறைந்த தேவநேசனின் வரலாறு. தேவநேசனை உலகறியச் செய்தது ‘ராயபுரத்து மழை’ என்ற இசைத்தட்டு. அதன் நடுவில் ட்ரம்பெட் தனித்து விம்மும் இடம் ஒன்று உண்டு. அந்த விம்மல் அடங்கும்போது மெல்லிய ‘டக்’ ஒன்று கேட்கும். “தகரக் கூரையின்மேல் மழையின் முதல் துளி, லோர்னாவுக்காகத் தேவநேசன் சிந்திய துளி” என்று அம்பலவாணர் முன்பொரு கட்டுரையில் எழுதியிருந்தார். லோர்னா அவ்விடுதியில் பாடிய பெண். விமர்சகருக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த வாக்கியம்தான்.

நூலுக்குச் செய்தி திரட்ட அவர் முதலில் சென்றது தேவநேசனின் மனைவி எஸ்தர் பாக்கியத்திடம். சுவரில் கணவரின் தொப்பி தொங்கியது. ட்ரம்பெட்டின் வாயை அதனால் மூடித் திறந்துதான் அவர் ஒலியை விம்மச் செய்வார்.

“லோர்னாவுக்காக ஊதினாருன்னு எழுதுனது நீங்கதானே?” என்றார் அம்மையார். “அந்தத் துண்டை அவரு வாசிக்கவே இல்ல. ரெக்கார்டிங் அன்னைக்கு அவருக்கு உதடு பொளந்து கெடந்துச்சு. கஞ்சியக்கூட நான்தான் ஸ்பூன்ல ஊத்தினேன்.”

“அம்மா, அவர் பேர் நிக்கிறதே அந்த இடத்துலதான்.”

“பேரு போனாப் போகட்டும். அவளுக்கு ஊதுன பாட்டு என் வீட்டுக்காரரோடதா இருக்க வேணாம்.”

அதே குழுவில் இன்னொரு ட்ரம்பெட் வாசித்தவர் ஞானாபரணம். அவர் தொப்பிக்குப் பதிலாகப் பாதிக் கொட்டாங்குச்சியைப் பிடித்து வாசித்தவர். அம்பலவாணர் பெரம்பூரில் அவருடைய மாடி அறையைத் தேடிப் போனார்.

“வாங்க சார். தேவநேசனுக்கு ‘ராஜா’ன்னு பட்டம் குடுத்தாங்க. கொட்டாங்குச்சி பிடிச்ச எனக்கு என்ன பட்டம் தெரியுமா? சட்னி ஞானாபரணம்!” என்று சிரித்தார் கிழவர்.

“ஐயா, தொப்பி துணி. அது பட்டால் சத்தம் வராது. இசைத்தட்டில் ‘டக்’னு கேட்குதே?”

“கேட்டா என்ன? கொட்டாங்குச்சிய என்கிட்ட இரவல் வாங்கியிருப்பான். அவன்தான் வாசிச்சான், எழுதிக்குங்க.”

“உண்மையைச் சொன்னால் உங்கள் பேர் நிலைக்கும்.”

“எங்க நிலைக்கும்? அவன் புஸ்தகத்துல. அட்டையில அவன் மூஞ்சி, உள்ள ஒரு மூலையில நானா? அந்தப் பிச்சை எனக்கு வேணாம் சார். ஏன், என்னைப் பத்தித் தனியா ஒரு புஸ்தகம் எழுதுங்களேன், பார்ப்போம்!”

அம்பலவாணர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு எழுந்தார். படியில் இறங்கும்போது மேலே ட்ரம்பெட் ஒலித்தது. மூச்சுத் தேய்ந்த, கரகரத்த வாசிப்பு. ஆயினும் விம்மல் அடங்கும் அதே இடத்தில், பிசகாமல், கொட்டாங்குச்சியின் விளிம்பு உலோகத்தில் தட்டியது. கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி அவர் அது ஓயும்வரை நின்றார்.

நூல் வெளிவந்தது. ‘ராயபுரத்து மழை’ பற்றிய பக்கத்தில் இவ்வாறு இருந்தது: “அந்த இடத்தை வாசித்தவர் எவர் என்பதைக் காலம் மறைத்துவிட்டது. நமக்கு எஞ்சியிருப்பது, தகரக் கூரையின்மேல் மழையின் முதல் துளி.” லோர்னாவின் பெயர் இல்லை. பின்னட்டையிலும் அந்தத் துளி வாக்கியமே பெரிய எழுத்தில் மின்னியது.

கணவரின் புகழையே துறக்கத் துணிந்தார் மனைவி. தம் வாசிப்பைப் பகைவனுக்கே தாரை வார்த்தார் ஞானாபரணம். வாசித்தவர் என்று தேவநேசன், ஞானாபரணம் இருவர் பெயரையும் எழுதாமல் விட்டார் விமர்சகர். இம்மூவருள் பொறாமையில் தலைநின்றவர் யார்?

விடை: எஸ்தர் பாக்கியத்தின் பொறாமை கொடிதாயினும், அதன் வாயிலிருந்து வந்தது மெய். ஞானாபரணம் சொன்னது பொய். ஆனால் அவர் இழந்தது தமக்குரியதை மட்டுமே. அம்பலவாணரோ படிக்கட்டில் நின்று அனைத்தையும் அறிந்துகொண்டவர். அறிந்தபின்னும், தமக்கு வாய்க்காத இசையை வாய்த்தவன் கையிலிருந்து பறித்து, அவ்விடத்தில் தம் வாக்கியத்தை அமர்த்தினார். ஆகவே தலைநின்றவர் அவரே. பாசுரங்களுக்கு உரை கண்ட பெரியோர், பாடியவர் திருவடியைத் தம் தலைமேல் வைத்துக்கொண்டுதான் எழுத்தாணியைத் தொட்டார்கள். இவர் பாடியவன் தலைமேல் ஏறி நின்று எழுதினார்.