ஒரு செம்புத் தண்ணீர்

ஆற்றங்கரை மடம் ஒன்றில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். சீடர் பெயர் தில்லைநாயகம். வயதுக்கு மரியாதை கொடுத்துக் குரு அவரை நீங்க என்றுதான் கூப்பிடுவார். வீட்டையும் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு வந்த தில்லைநாயகத்திடம் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. காவி கட்ட வேண்டும்.

"கட்டலாம்," என்றார் குரு. "அதுக்கு முன்னாடி தனக்குத் தானே கருமாதி செஞ்சுக்கணும். அப்புறம் யாருக்கும் புருஷன் இல்ல, அப்பா இல்ல. முடியுமா?"

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, சாமி."

குரு மூக்கைச் சுளித்தார். "பொம்பளைங்க தங்குற அறையில குளியலறை நாறுது. முதல்ல அதைப் பாருங்க."

அந்த அறையில் யாரும் வந்து தங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. கதவைத் திறந்ததும் சாக்கடை வீச்சம் முகத்தில் அறைந்தது. தரையோ துடைத்துவிட்டாற்போல் காய்ந்து கிடந்தது. அழுக்கே இல்லாத இடத்தில் இத்தனை நாற்றமா என்று தில்லைநாயகத்துக்கு ஒரு கணம் தோன்றியது. வேலை முடிந்தால் போதும் என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டார்.

தண்ணீர் போகும் துளையைச் சுற்றி பிளீச்சிங் பவுடரைத் தூவினார். சல்லடைமேல் அந்துருண்டைகளை வைத்தார். சாம்பிராணி போட்டார்.

குரு எட்டிப் பார்த்தார். "கோயில் மாதிரி மணக்குது. உள்ள பொணம் கெடக்குற கோயில் மாதிரி."

தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. சிமெண்டைக் குழைத்து எடுத்து வந்து துளையையே பூசி அடைத்தார்.

"நாத்தம் நின்னுட்டுது, சாமி."

குரு குனிந்து பூச்சை விரலால் தட்டிப் பார்த்தார். "கெட்டியாத்தான் அடைச்சிருக்கீங்க," என்றார். அன்று மாலையே ஒரு வேட்டியைக் காவியில் முக்கிக் கொடியில் விரித்தார். சந்தோஷத்தில் தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் மனைவி கோமதி வந்து நின்றாள். முகமெல்லாம் பஸ் புழுதி. வந்த விஷயத்தைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் குரு கையமர்த்தினார்.

"முதல்ல குளிச்சிட்டு வாங்கம்மா. அந்தக் கடைசி அறை."

தில்லைநாயகம் தடுக்க நினைத்தார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அறைக்கதவின் அடியிலிருந்து தண்ணீர் ஊர்ந்து வந்து கூடத்தில் பரவி அவர் காலை நனைத்தது. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கோமதி வெளியே வந்தாள்.

"தொளைய யாரு அடைச்சது?"

"நான்தான். நாறிச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "பொழங்காத குளியலறை நாறத்தானே செய்யும்? கீழ குழாய் வளைவுல நிக்குத தண்ணிதான் சாக்கடை நாத்தத்த மேல விடாம மறிக்கும். அது வத்திப்போனா அம்புட்டும் மேல வந்துரும். நீங்க வந்த பொறவு நம்ம மாடிக் குளியலறையும் இப்படித்தான் நாறிச்சு. தெனமும் ஒரு செம்பு தண்ணி ஊத்துதேன். அம்புட்டுதான்."

"இன்னுமா ஊத்துத?"

"நேத்தைக்கும் ஊத்திட்டுத்தான் வந்தேன்."

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பவானிக்கு மாப்ள அமைஞ்சிருக்கு. நல்ல எடம். அவங்க ஒண்ணுதான் கேக்காங்க. பொண்ணோட அப்பா இருக்காரா இல்லையான்னு. வந்து நின்னு தாரை வாக்குறதுன்னா இருக்காருன்னு சொல்லுதேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருதேன். எதச் சொல்லட்டும்?"

தில்லைநாயகம் குருவைப் பார்த்தார். குரு தூணில் ஏறும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் மகள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். பாவாடை கட்டிய வயதில்தான் அது வந்தது. அவரை அறியாமல் அவர் கண் கொடிப் பக்கம் போனது.

கோமதியும் திரும்பிக் கொடியைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு வாரவங்கள மாடியிலதான் தங்க வைக்கணும். இனிமே அவங்க பொழங்கிக்கிடுவாங்க. எனக்கும் ஒரு வேலை கொறஞ்சுது."

அவள் வாசலைத் தாண்டும்வரை அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு கடப்பாரையைத் தேடி எடுத்துப் போய்ச் சிமெண்டை உடைத்தார். அடைபட்டிருந்த வீச்சம் மொத்தமாக எழுந்தது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் எதுவும் நாறவில்லை.

குரு குளியலறை வாசலில் நின்றிருந்தார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா, சாமி?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நாத்தம் ஏன் வருதுன்னு நீங்க கேக்கவே இல்லையே."

தில்லைநாயகம் ஈரத்தரையில் உட்கார்ந்தார். "இப்ப ஓடினா பிடிச்சிரலாமா?"

"பஸ் போயிட்டுது."

குரு கொடிப் பக்கம் போனார். காவி வேட்டியை எடுத்து மடித்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"காஞ்சிட்டுது. கட்டிக்குங்க."

தில்லைநாயகம் வேட்டியைத் தொடவில்லை. "கருமாதி செய்யணும்னு சொன்னீங்களே, சாமி."

"அது இனிமே உங்க வேலை இல்ல. அந்தம்மா ஊருக்குப் போய் இல்லேன்னு சொல்லிடுவாங்க."