கூவை மாவு இளகக் கற்ற கதை

அந்தக் காலத்தில், கிழங்குக்கும் பன்றிக்கும் மனிதர் பேச்சு தெரிந்திருந்த நாளில், மலையடிவாரத்தில் வேம்பி என்றொரு பெண் இருந்தாள். அது மழை பொய்த்த வருஷம். அவளுக்குப் பால் வற்றிவிட்டது. தவழும் வயதிலிருந்த மகள் சிட்டுவுக்குத் தினைக்கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தாள்.

வேம்பி ஓடையோரம் கூவைக்கிழங்கு தோண்டினாள். "என் மாவைக் காய்ச்சிக் கொடு, பிள்ளை தேறிவிடும்" என்றது கிழங்கு. அவள் அதைக் கல்லில் உரசி, நீரில் பிழிந்து, மரத்தொட்டியில் தெளிய வைத்தாள். மேல்நீரை இறுத்ததும் அடியில் வெள்ளை மாவு நின்றது. அப்போதெல்லாம் கூவை மாவு வெறும் மாவுதான். சாய்த்தால் ஓடும், அவ்வளவே.

அடுப்புக்குச் சுள்ளி பொறுக்க அவள் நாலடி தள்ளிப் போன நேரம், சிட்டு தவழ்ந்து வந்து தொட்டிக்குள் கையை விட்டு அளைந்தாள். மாவுக்கு அந்தச் சின்னக் கை பிடித்துப்போயிற்று.

திடீரென்று புதரிலிருந்து ஒரு தாய்ப்பன்றி பசிவெறியில் பாய்ந்து வந்து, திறந்த வாயோடு தொட்டிக்குள் முகத்தை இடித்தது. பல்லுக்கும் பிஞ்சு விரலுக்கும் நடுவே மாவு மட்டும்தான் இருந்தது. பதறிப்போன மாவு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. தன்னை இறுக்கிக்கொண்டு கல்லாய் நின்றது.

சிட்டு வீறிட்டாள். பன்றி முகத்தை விடுவிக்க வெட்டி வெட்டி இழுத்தது, வரவில்லை. வேம்பி தோண்டுகழியை ஓங்கியபடி ஓடிவந்தாள்.

"அடிக்காதே அம்மா!" என்றது மாவு. "பிள்ளையின் கை எனக்குள்ளே இருக்கிறது. அடி விழுந்தால் பயத்தில் இன்னும் இறுகிவிடுவேன். எனக்கு இளகத் தெரியவில்லை."

வேம்பி ஓங்கிய கையை நிறுத்தினாள். பன்றியின் மடியும் வற்றித் தொங்குவதை அப்போதுதான் பார்த்தாள். கழியைக் கீழே போட்டாள். அதன் பிடரியில் கைவைத்து, "துள்ளாதே தாயி. என் பிள்ளை உள்ளே மாட்டியிருக்கு. கொஞ்சம் சும்மா இரு" என்றாள். பன்றி மூச்சு வாங்கியபடி அடங்கியது.

பிறகு, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல மாவின் மேல் விரலை வைத்தாள். "ஒன்றுமில்லை. யாரும் அடிக்க மாட்டோம்."

மாவு மெல்ல இளகியது. சிட்டுவின் கை ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தது. பன்றியும் மெதுவாக முகத்தை உருவிக்கொண்டது.

"குட்டிகளுக்குப் பசி. உன் பிள்ளையை நான் பார்க்கவில்லை" என்றது, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

வேம்பி கிழங்குச் சக்கையையெல்லாம் அள்ளி அதன் முன் வைத்தாள். மாவைக் காய்ச்சிச் சிட்டுவுக்கு ஊட்டினாள். பல நாளைக்குப் பிறகு பிள்ளை வயிறு நிறைந்து தூங்கியது.

அன்று முதல்தான், நீரில் குழைத்த கூவை மாவு குத்துகிறவர் கைக்குக் கல்லாகிறது. மெல்லத் தொடுகிறவர் கைக்கு வழிவிட்டு இளகுகிறது.