சுண்டை வேரில் கத்தரி

“பொடக்” என்று செடி பிடுங்கும் சத்தம் கேட்டுத்தான் பாவாத்தாள் ஓடி வந்தாள். அவளுடைய கத்தரிச் செடியோடு பண்ணைக்காரர் சென்னியப்பர் நின்றார். அவர் கத்தரித் தோட்டம் முழுக்க வாடிப்போன வருஷம் அது. கூலிக்காரியின் நாலு பாத்தி மட்டும் காய்த்துக் குலுங்கியது அவருக்குப் பொறுக்கவில்லை.

“என் நாத்தைத் திருடி நட்டிருக்கறா. அத்தனை செடியும் எனக்குத்தான்” என்று ஊரைக் கூட்டினார்.

“நுனியைக் கிள்ளிட்டு வந்தேனுங்களா, வேரோட பிடுங்கினேனுங்களா?” என்று கேட்டாள் பாவாத்தாள்.

“வேரோடதான். என் கண்ணால பார்த்தேன்.”

அவள் அடுத்த செடியின் அடித்தூரைக் காட்டினாள். அங்கே முள்ளும் இலையுமாக ஒரு சுண்டைத் துளிர்.

“வேரு ரோட்டோரத்துச் சுண்டைங்க. அதுமேல கத்தரியை ஒட்டுக் கட்டினேன், அதான் வாடலை. உங்க நாத்தங்கால்ல சுண்டையா போட்டிருந்தீங்க?”

ஊரார் சிரித்தார்கள். சென்னியப்பர் தன் கையிலிருந்த செடியைப் பார்த்தார். அதன் தூரிலும் முள். மெல்லக் கீழே வைத்தார்.

பாவாத்தாள் கத்தரிக்குப் போகும் சத்தை உறிஞ்சும் அந்தச் சுண்டைத் துளிரைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடுத்த செடிக்குக் குனிந்தாள்.