பதினோராயிரம் வோல்ட் கேட்ட முதலாளி

மில்லுக்குப் பதினோராயிரம் வோல்ட், புது பங்களாவுக்கு வெறும் நானூறு என்று தெரிந்ததும் தெய்வசிகாமணி முதலாளிக்கு மானமே போய்விட்டது.

"மில்லைவிட நான் மட்டமாடா? பதினோராயிரத்தையும் என் படுக்கையறைக்கு இழு. முடியாட்டி வேலையை விட்டு ஓடிப்போ!" என்று ஒயர்மேன் குப்புராஜிடம் குதித்தார்.

"இழுத்துடலாமுங்க," என்றான் குப்புராஜ்.

கிரகப்பிரவேசத்தன்று சம்பந்தி வீட்டாருக்கு அறையைக் காட்ட முதலாளி பெருமையாகப் படியேறினார். அறை வாசலில் கம்பிவேலி, மண்டையோடு போட்ட அபாய போர்டு, பெரிய பூட்டு. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சாவி எங்கேடா?" என்று முதலாளி பின்னால் வந்த குப்புராஜிடம் கத்தினார்.

"பதினோராயிரம் வர்ற ரூமுக்குள்ள லைசென்ஸ் இருக்கிறவன்தான் போகணும், அதுதான் சட்டமுங்க. லைசென்ஸ் எங்கிட்டதான் இருக்குது. நான் படுத்துப் பார்த்துட்டேனுங்க, மெத்தை நல்லாத்தான் இருக்குது."